சீனி போடாத தேத்தண்ணி

என் பணிக்காலத்தில் நான் எத்தனையோ பிழைகள் விட்டிருக்கிறேன். அவற்றில் லாமினேட் செய்து, நாடா கட்டி, சுவரில் தொங்கவிட்ட பிழை ஒன்றே ஒன்றுதான். அதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேசப் போகிறேன்.

பல் வைத்தியர்களாக முதல் நியமனம் பெற்றுப் போகிறீர்கள். பல்லை எப்படி அடைப்பது, எப்படிக் கழற்றுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என் காலத்துச் சாமான்களில் பாதி இப்போது அலுமாரியிலேயே இல்லை. ஆனால், ‘இந்த மனிதருக்கு இனிமேலும் பல்லில் சூத்தை வருமா, வராதா?’ என்று ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறதே, அந்த முடிவை ஒருத்தி எப்படிக் கோட்டை விடுவாள் என்பதை என்னைவிட விவரமாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான் மாத்தளையிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்கக் கச்சேரியில் குமாஸ்தா வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஓய்வு பெறுவதற்கு முந்திய சில வருடங்கள், மாவட்டத்தில் ஓர் அரசாங்க வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து இறுதியாண்டு மாணவர்கள் நான்கு நான்கு பேராக, இரண்டு வாரப் பயிற்சிக்கு என்னிடம் வருவார்கள். நோயாளிகள் உட்காரும் வாசல் வாங்குகள் காலை ஏழரைக்கே நிறைந்துவிடும். கலேவெலயிலிருந்து மரக்கறி பயிரிடுகிறவர்கள், உக்குவளையிலிருந்து கடைக்காரர்கள், இரத்தோட்டைக்கு மேலேயிருந்து தேயிலைத் தோட்டத்து ஆட்கள் என்று எல்லாரும் கன்னத்தில் கை வைத்தபடி காத்திருப்பார்கள். அந்த நெரிசலில் மாணவர்கள் நோயாளியைப் பார்ப்பார்கள், பிறகு கூரையைப் பார்ப்பார்கள், “ஹை ரிஸ்க், மேடம்” என்பார்கள். ஏன் என்று கேட்டால் மறுபடியும் கூரையைப் பார்ப்பார்கள். எங்கள் கூரையில் ஒரு பல்லியைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று நான் ஒரு படிவம் தயாரித்தேன். இருபத்தெட்டுக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் புள்ளி. கூட்டிப் பார்த்தால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரும். பச்சை என்றால் ஒரு வருடம் கழித்து வரலாம். சிவப்பு என்றால் மூன்று மாதத்தில் திரும்ப வர வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் நானே எழுதினேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த போட்டோகொப்பிக் கடையில் ஒரு பிரதியை லாமினேட் செய்யக் கொடுத்தபோது, கடைக்காரர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “சோதினைப் பேப்பரா மிஸ்?” என்று கேட்டார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். என் அப்போதைய மனநிலையைப் புரிந்துகொள்ள உங்களுக்கு இது போதும்.

படிவம் சரியில்லை என்பதற்கு அறிகுறிகள் முதல் வாரத்திலேயே வந்தன. “ஒரு நாளைக்கு எத்தனை தடவை பல் துலக்குவீர்கள்?” என்ற கேள்விக்குக் கலேவெலக்காரர் ஒருவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “எத்தனன்னு சொன்னா நல்லது டொக்டர்?” என்று கேட்டார். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, படிவத்தில் ‘இரண்டு’ என்று எழுதினேன்.

இப்படியிருக்கும்போதுதான் அந்த நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் இருவரைப் பற்றிச் சொன்னால் போதும்.

நிவேதிதா கொழும்புப் பிள்ளை. என் படிவத்தை வந்த அன்றே தன் கைத்தொலைபேசிக்குள் ஏற்றிவிட்டாள். பதில்களைத் தட்டத் தட்டப் புள்ளி தானாகக் கூடும், கடைசியில் நிறம் பளிச்சென்று வரும், பிறகு அதைக் காகிதப் படிவத்தில் எழுதிக் கோப்பில் வைப்பாள். ஒரு காலைக்குள் பதினொரு நோயாளிகளை முடித்தாள். இல்ஹாம் உக்குவளைப் பையன், ‘இருக்கு’ என்பதை ‘ஈக்கி’ என்பான். அதே நேரத்தில் அவன் முடித்தது மூன்று. நோயாளியின் ஊர், தொழில், மகளுக்கு வந்த வரன், வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் விசாரிப்பான். “இல்ஹாம், நீங்க வைத்தியம் பாக்க வந்தீங்களா, வாக்குக் கேக்க வந்தீங்களா?” என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டிருக்கிறேன். அவன் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு அடுத்தவரிடமும் அதையேதான் செய்வான்.

முதல் வாரம் புதன்கிழமை செல்வராஜ் வந்தார். மாத்தளையிலிருந்து ரிவர்ஸ்டன் பக்கம் மலை ஏறும் பஸ்ஸின் சாரதி. நாற்பத்து நாலு வயது, நல்ல உயரம், வாய் திறந்தால் பஸ் ஹோர்ன் மாதிரிக் குரல். “ஒரு பல்லு விண்ணு விண்ணுங்குது டொக்டர். கழட்டிருங்க, நான் போகணும்” என்றார்.

நிவேதிதா அவரை உட்கார வைத்துப் படிவத்தைத் தொடங்கினாள்.

“தேத்தண்ணிக்கு சீனி போடுவீங்களா?”

“போடுறதே இல்ல.”

“இனிப்புப் பண்டம், சொக்லட், பிஸ்கட்?”

“எனக்கெதுக்கு அதெல்லாம்? புள்ளைங்களுக்குத்தான் வாங்குறது.”

“சோடா?”

“வயித்துக்கு ஆகாது.”

“போன ஒரு வருஷத்துல பல்லுக்கு வைத்தியம் செஞ்சிருக்கீங்களா?”

“பல் டொக்டர்கிட்ட வாழ்க்கையில இதான் மொதத் தடவ.”

இந்தக் கடைசிப் பதிலுக்கு என் படிவம் நல்ல புள்ளி கொடுத்தது. ஒரு வருடமாகப் பல்லுக்கு வைத்தியம் செய்யவில்லை என்றால் பல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், இல்லையா? வைத்தியரைக் கண்டு ஓடுகிறவர்களுக்கும் அதே பதில்தான் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. காலையிலும் இரவிலும் துலக்குகிறார், கடையில் விற்கிற நல்ல பற்பசைதான் பாவிக்கிறார். தொலைபேசியில் பச்சை நிறம் வந்தது. அழகான, துளி சந்தேகமில்லாத பச்சை.

அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கச் சொன்னாள். உள்ளே ஐந்து பற்கள் சூத்தை. ஒன்று அநேகமாகக் கரைந்தே போயிருந்தது.

நிவேதிதா என்னிடம் வந்தாள். நான் அப்போது ஒரு கையில் ஊசி மருந்தும் மறு கையில் அழுகிற குழந்தையின் தாடையுமாக நின்றிருந்தேன். வாசலில் இன்னும் அறுபது பேராவது இருந்திருப்பார்கள்.

“மேடம், ஃபோர்ம் பச்சை காட்டுது. ஆனா வாய்க்குள்ள...”

நான் எட்டிப் பார்த்தேன். ஒரு நொடிதான். பார்த்துவிட்டுச் சொன்னேன்: “அதெல்லாம் பழைய சூத்தைம்மா. முந்தி ஏதாவது கெட்ட பழக்கம் இருந்திருக்கும். இப்ப பழக்கம் சரியாயிருச்சு, அதான் பச்சை.”

எவ்வளவு சுலபமாக ஒரு காரணம் வந்து விழுந்தது பாருங்கள். அந்த மனிதரின் வாய்க்குள் ஐந்து சாட்சிகள் நின்று கத்துகின்றன. நானோ அவற்றை முந்திய காலத்துக்கு அனுப்பிவிட்டு என் படிவத்தைக் காப்பாற்றினேன். அனுபவம் கூடக் கூட அறிவு கூடுகிறதோ இல்லையோ, சமாதானம் சொல்கிற வேகம் நிச்சயம் கூடுகிறது.

அப்போது பின்னாலிருந்து இல்ஹாமின் குரல் கேட்டது. “மேடம், சூத்தை எல்லாமே எடது பக்கந்தானே ஈக்கி?”

“வலது கைக்காரங்களுக்கு ஒரு பக்கம் சரியா துலக்க வராது” என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

“அவர் எடது கைக்காரர், மேடம். இப்பதான் கையெழுத்து வெச்சார்.”

“அப்ப இடது கைக்காரங்களுக்கும் ஒரு பக்கம் துலக்க வராது” என்று சொல்லி நான் படிவத்தில் ஒப்பமிட்டேன்.

நான் சொன்னதை நீங்கள் சரியாகத்தான் கேட்டீர்கள். அப்படியேதான் சொன்னேன்.

பல்லைக் கழற்றவில்லை. இரண்டை அன்று அடைத்தோம், மிச்சத்துக்கு அடுத்த வாரம் வரச் சொன்னோம். மறுநாள் பல்கலைக்கழகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பயிற்சியின் கடைசியில் நடக்கும் மதிப்பீட்டுக்குப் பேராசிரியை ஒருவர் நேரில் வருகிறார், ஒரு நோயாளியை வைத்து மாணவர் ஒருவர் விளக்க வேண்டும், அதற்குப் புள்ளி உண்டு என்றார்கள். அந்தப் பேராசிரியை படிக்கும் காலத்தில் எனக்கு இரண்டு வருடம் இளையவர். என்னுடைய குறிப்புக் கொப்பிகளை இரவல் வாங்கிப் படித்தவர். அவர் முன்னால் என் படிவம் ஜொலிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. கோப்பைப் புரட்டினேன். ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல், எல்லாக் கட்டமும் நிறைந்து, முத்து மாதிரி இருந்தது செல்வராஜின் படிவம்தான். “நிவேதிதா, நீங்க இவரையே விளக்குங்க” என்றேன்.

அவள் முகம் ஒரு மாதிரியாகப் போனது. சோதனைப் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு மாணவர்களும் ரிவர்ஸ்டனுக்குச் சுற்றிப் பார்க்கப் போனார்கள் என்பது எனக்குத் தெரியும். திங்கட்கிழமை காற்றைப் பற்றியும் பனிமூட்டத்தைப் பற்றியும் சொன்னார்கள். யாருடைய பஸ்ஸில் போனார்கள் என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை பேராசிரியை வந்தார். சரியாகப் பத்து மணிக்கு வெளியே ஒரு பெரிய பிரேக் சத்தம். செல்வராஜ் பஸ்ஸோடு வந்து இறங்கினார். பஸ்ஸுக்குள் பிரயாணிகளும் இருந்தார்கள்.

“பத்து நிமிஷந்தான் டொக்டர். சனத்த ஏத்திட்டுதான் வந்திருக்கேன். டைம் கீப்பர்கிட்ட சொல்லல” என்றபடி நாற்காலியில் ஏறிச் சாய்ந்தார்.

பேராசிரியை படிவத்தையும், முதல் நாள் சூத்தைகளைக் குறித்த பல் வரைபடத்தையும் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து இல்ஹாம் ஒரு தட்டில் தேத்தண்ணிக் கோப்பைகளும் சீனிப் பாத்திரமுமாக உள்ளே வந்தான். பேராசிரியைக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மூன்றாவதைச் செல்வராஜிடம் நீட்டினான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயைச் சோதிக்கப் போகிற நோயாளிக்கு யாராவது தேத்தண்ணி கொடுப்பார்களா? கண்ணாலேயே அவனை எரித்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

“சீனி போடவா அண்ணே?”

“வேணாம் தம்பி. நான் போடுறதில்லையே.”

கோபம் எல்லாம் போய் எனக்குள் ஒரு பெருமிதம் பொங்கியது. ‘பார்த்தீர்களா, என் படிவம் பொய் சொல்லாது’ என்கிற பாவனையில் பேராசிரியையை ஒரு பார்வை பார்த்தேன். அவரும் தலையசைத்தார்.

செல்வராஜ் கோப்பையை இடது கையில் பிடித்துக்கொண்டு, சட்டைப் பைக்குள் மற்றக் கையை விட்டார். ஒரு காகிதப் பொட்டலம் வெளியே வந்தது. அதைப் பிரித்து, நெல்லிக்காய் அளவில் ஒரு துண்டு கித்துள் மரத்துக் கருப்பட்டியை எடுத்து, இடது கன்னத்துக்குள் ஒதுக்கினார். பிறகு ஒரு மிடறு தேத்தண்ணி. கண்ணை மூடி ரசித்தார். மறுபடி ஒரு மிடறு. இடது கன்னம் சின்னப் பந்து மாதிரி உப்பி நின்றது.



பேராசிரியை தன் கோப்பையைக் கீழே வைத்தார். “நிவேதிதா, இவருக்குச் சூத்தை வருகிற ஆபத்து எவ்வளவு?”

“படிவத்தின்படி பச்சை, மேடம்.” அவள் செல்வராஜின் கன்னத்தைப் பார்த்தாள். “வாயின்படி சிவப்பு.”

“நீங்கள் எந்தப் பக்கம்?”

“வாய்ப் பக்கம்.”

“அப்படியானால் முதல் நாள் ஏன் பச்சை என்று போட்டீர்கள்? ஐந்து சூத்தையைக் கண்ட பிறகும் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லையா?”

 நிவேதிதா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய இறுதியாண்டுப் புள்ளி அந்தப் பதிலில் இருந்தது. ‘மேடம்தான் அப்படிச் சொன்னார்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். சொல்லவில்லை.

இந்த இடத்தில், ‘உடனே நான் எழுந்து உண்மையைச் சொன்னேன்’ என்று உங்களிடம் சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வெளியே நின்ற பஸ்ஸின் ஹோர்ன் திடீரென்று அலறத் தொடங்கியது. நீளமாக, விடாமல். அந்தச் சத்தத்தில் யாரும் பேச முடியாது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அது அப்படியே மத்தியானம் வரைக்கும் அடித்துக்கொண்டிருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். பாழாய்ப்போன ஹோர்ன் நின்றுவிட்டது.

“அந்தப் பிள்ளை அன்றைக்கே கேட்டது” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “அன்றைக்கே சந்தேகப்பட்டுத்தான் என்னிடம் வந்தது. நான்தான் பழைய சூத்தை என்று சொல்லி ஒப்பம் வைத்தேன். இல்ஹாம் இடப்பக்கத்தைக் காட்டினான். அதையும் நான்தான் தட்டிவிட்டேன். படிவமும் நான் எழுதினதுதான்.”

பேராசிரியை என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “உங்கள் கொப்பியைப் பார்த்துத்தானே நான் பாஸ் பண்ணினேன்” என்று மட்டும் சொன்னார். அது ஆறுதலா, குத்தலா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இதற்குள் செல்வராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. “டொக்டர், நான் பொய் சொன்னேன்னா பேசிக்கிறீங்க? தேத்தண்ணிக்கு சீனி போடுவீங்களான்னு கேட்டாங்க. போடுறதில்லன்னேன். இப்பவும் போடலயே!”

“இனிப்புச் சாப்பிட மாட்டேன்னு சொன்னீங்களே அண்ணே” என்றாள் நிவேதிதா.

“கருப்பட்டி எப்படி இனிப்பாவும்? அது தேத்தண்ணியோட சேந்ததும்மா.”

“ஏன் எப்பவும் எடது பக்கத்துல?”

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “சாரதி சீட்டு வலது பக்கம். ஜன்னலும் வலது பக்கம். எதுத்தாப்புல வர்றவனுக்கு அந்தப் பக்கத்தாலதானே கத்தணும்? கருப்பட்டியும் அங்கேயே இருந்தா எப்படிக் கத்துறது?”

பேராசிரியை சிரிப்பை அடக்க இருமினார். “ஒரு ட்ரிப்புக்கு எத்தனை துண்டு போடுவீங்க?” என்று கேட்டார்.

“அது வளைவப் பொறுத்துங்க. பெரிய வளைவுக்கு ஒண்ணு.”

அந்தப் பாதையில் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். அங்கே வளைவு முடிந்து பாதை வருவதில்லை, வளைவு முடிந்து வளைவுதான் வரும்.

“நிவேதிதா, இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்? கருப்பட்டியை நிறுத்தச் சொல்வீர்களா?” பேராசிரியை கேட்டார். அது உண்மையான சோதனைக் கேள்வி என்பது அந்தக் குரலில் தெரிந்தது.

நானாக இருந்தால் ஆம் என்றுதான் சொல்லியிருப்பேன். நிவேதிதா பேராசிரியைக்குப் பதில் சொல்லவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செல்வராஜிடம் கேட்டாள். “அண்ணே, இத நிப்பாட்டினா என்ன ஆகும்?”

“பல்லு நல்லா இருக்கும்மா. பஸ் பள்ளத்துல இருக்கும்.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

அந்த நேரம் கண்டக்டர் உள்ளே தலையை நீட்டினார். “அண்ணே, சனம் கத்துது! நான் ஹோர்ன் அடிச்சது கேக்கலயா?” பிறகு அறையிலிருந்த முகங்களைப் பார்த்துத் தயங்கினார். விஷயத்தை இல்ஹாம் சொன்னதும் கண்டக்டர் பதறிப்போனார். “ஐயோ டொக்டர், கருப்பட்டிய மட்டும் நிப்பாட்டாதீங்க. போன மழைக்கு ஒரு நாளு அண்ணே பனிமூட்டத்துல ஒரு வளைவுல லேசாக் கண்ண மூடிட்டாரு. ஒரு செக்கன்தான். டயர் விளிம்புல போய் நின்னுச்சு. அன்னையிலருந்து சனமே வாங்கிக் குடுக்குது. ஏறுறப்போவே, ‘இந்தா செல்வராஜ், வாயில போட்டுக்க’ன்னு குடுத்துட்டுத்தான் சீட்டுல உக்காருவாங்க.”

சற்று யோசித்துப் பாருங்கள். ஒரு பஸ் நிறைய ஆட்கள் தங்கள் உயிருக்குப் பயந்து ஒரு மனிதரின் இடப்பக்கப் பற்களை நாள்தோறும் கரைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் இருபத்தெட்டுக் கேள்விகளில் எது இதைக் கண்டுபிடித்திருக்கும்?

“ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?” நிவேதிதா கேட்டாள்.

“மொத ட்ரிப் அஞ்சு மணிக்கு. கடைசி ட்ரிப் முடிச்சு, பஸ்ஸக் கழுவி... நாலு மணி நேரம் கெடச்சாப் பெரிசு.”

அவள் திரும்பி இல்ஹாமைப் பார்த்தாள். அவன் சொன்னான்: “வாயில ஏதாச்சும் உறைப்பா இருந்தா முழிப்பாத்தானே ஈக்கும்? கறுவாப்பட்டைத் துண்டு போட்டுப் பாருங்களேன் அண்ணே. எங்கட பக்கத்துல இல்லாத தோட்டமா?”

“கறுவாவா?” செல்வராஜ் யோசித்தார். “அதுவும் எடது பக்கந்தானா?”

“மாறி மாறிப் போடுங்க” என்றாள் நிவேதிதா. “தேத்தண்ணிக்கு வேணும்னா ஒரே ஒரு துண்டு கருப்பட்டி, குடிச்சு முடிச்சதும் தண்ணியால வாயக் கொப்பளிக்கணும். மலைப் பாதையில கறுவா மட்டுந்தான். மத்தியான ட்ரிப்புக்கு முந்தி அரை மணி நேரம் பஸ்ஸிலயே படுங்க. உங்களுக்கு ஏன் இவ்வளவு தூக்கம் வருதுன்னு பாக்கச் சொல்லி பெரிய டொக்டருக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தர்றேன். மூணு மாசத்துல நீங்க திரும்ப வரணும், ஒரு வருஷத்துல இல்ல.” பிறகு கண்டக்டரிடம், “சனத்துக்கிட்ட நீங்கதான் சொல்லணும். குடுக்கிறதா இருந்தா கறுவா குடுக்கட்டும்” என்றாள்.

பேராசிரியை எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. நிவேதிதாவுக்கு நல்ல புள்ளி கிடைத்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

செல்வராஜ் மூன்று மாதத்தில் வந்தார். கரைந்துபோன அந்த ஒரு பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, கழற்ற வேண்டியதாயிற்று. புதிதாக ஒன்றும் வரவில்லை. இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை, தூக்கம்தான் போதாது என்று சொல்லிவிட்டார்களாம். பஸ்ஸுக்குள் ஏறினால் இப்போது ரொட்டிக் கடைக்குள் நுழைந்த மாதிரி மணக்கிறது என்று கண்டக்டர் குறைப்பட்டுக்கொண்டார். பிரயாணிகள் தாங்களும் மெல்லத் தொடங்கிவிட்டார்களாம்.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல வந்தது செல்வராஜைப் பற்றி மட்டுமல்ல. அன்று பேராசிரியை போன பிறகு நான் நிவேதிதாவையும் இல்ஹாமையும் கூப்பிட்டேன்.

“ஞாயித்துக்கிழமை அவர் பஸ்ஸிலதானே போனீங்க?”

இருவரும் தலையாட்டினார்கள்.

“கருப்பட்டியப் பாத்தீங்க. பாத்துட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம தேத்தண்ணி ஊத்தினீங்க. ஏன்? நான் எப்பவும் ‘சந்தேகம் இருந்தா கேளுங்க’ன்னுதானே சொல்றேன்?”

இல்ஹாம் நிவேதிதாவைப் பார்த்தான்.  அவள் மெதுவாகச் சொன்னாள்.

“சொல்றீங்க மேடம். ஆனா ஒவ்வொரு தடவையும் வாசல் வாங்கைப் பாத்துக்கிட்டே சொல்றீங்க.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது, ஏனென்றால் அவள் அதைச் சொல்லிக்கொண்டிருந்த அந்த நொடியிலும் நான் வாசல் வாங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களில் பலர் தனியாக ஒரு கிளினிக்குக்குப் பொறுப்பாகப் போவீர்கள். சில வருடங்களில் உங்களுக்குக் கீழேயும் மாணவர்கள் வருவார்கள். படிவம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். படிவம் நல்லது, எதையாவது மறந்துபோகாமல் இருக்க உதவும். ஆனால் படிவமும் வாயும் இரண்டு விதமாகப் பேசினால், யார் பக்கம் நியாயம் என்று கண்டுபிடிக்கிற வரைக்கும் ஒப்பமிடாதீர்கள். முக்கியமாக, உங்களுக்குச் சட்டென்று ஒரு நல்ல விளக்கம் தோன்றினால் அதை நம்பாதீர்கள். வாசலில் அறுபது பேர் நிற்கும்போது தோன்றுகிற விளக்கம் பெரும்பாலும் நோயாளிக்காகத் தோன்றுவதில்லை.

பேராசிரியை வந்துபோன மறுநாள், வெள்ளிக்கிழமை, அந்த மாணவர்களுடைய பயிற்சியின் கடைசி நாள். முதல் நோயாளி உக்குவளையில் தையல் கடை வைத்திருக்கும் பரீதா என்கிற பெண். முப்பது வயதிருக்கும். முன்பல் இரண்டின் ஓரங்களும் தேய்ந்து, சின்னச் சின்னப் பள்ளம் விழுந்து, அவற்றுக்கு நடுவில் சூத்தையும் தொடங்கியிருந்தது. இனிப்புச் சாப்பிடுவதில்லை என்றார். தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை என்றும் சொன்னார். நிவேதிதாவும் இல்ஹாமும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

“காலையில எழும்பினதுல இருந்து, ராத்திரி படுக்கிற வரைக்கும், வாய்க்குள்ள என்னென்ன போகுதுன்னு அவசரமில்லாம ஆறுதலா ஒண்ணொண்ணாச் சொல்லுங்க” என்றேன்.

அவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். பாண், பருப்பு, மத்தியானச் சோறு. பின்னேரம் ஒரு பிளேன்டீ. அதோடு நிறுத்திக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, வெட்கத்தோடு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“குண்டூசியையும் சேக்கணுமா டொக்டர்? தைக்கிற நேரம் முழுக்க அது பல்லுக்கு நடுவுலதான் ஈக்கிது.”

நான் படிவத்தை ஓரமாக வைத்து, பேனாவை மூடிப் பைக்குள் வைத்தேன்.

“சேருங்க” என்றேன்.